தொண்ணூற்றைந்து பங்கு

இரண்டாம் கையாக வாங்கியது.
ஒப்பணக்காரத் தெரு, பதினாறாயிரத்து ஐநூறு.
பை இலவசம். பையின் ஜிப்
பாதி வழியில் நின்றுவிடும்.
"பழகறதுக்கு இது போதுமுங்க" என்றார் கடைக்காரர்.
ஆறு வருடமாகப் பழகுகிறேன்.
இதுதான் சோறு போடுகிறது.

கனமே இல்லை. அரைக்கிலோ தக்காளி.
எக்ஸெல் சூப்பரில் கழுத்தில் மாட்டிக்கொண்டு
பல்லடம் போய்த் திரும்பினாலும்
பிடரி நோவதில்லை.
ஒரு சார்ஜில்
இரண்டு குடோன், ஒரு கோழிப்பண்ணை,
கூரை சரிந்த தறிப்பட்டறை
எல்லாம் முடித்தும் ஒரு கோடு மிச்சமிருக்கும்.
கைப்பிடிதான் குட்டை.
மூன்று விரலுக்கு இடம் உண்டு.
சுண்டுவிரல்
பந்தியில் இலை கிடைக்காத ஆளைப்போல
அடியில் தொங்கும்.

நான் எடுப்பதெல்லாம் சேதம்.
இன்சூரன்ஸ் சர்வேயருக்குப் படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு.
யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இருட்டு இதற்கு ஆகாது.
ஐஎஸ்ஓவை மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்றினால்
கறுப்பெல்லாம் ரவை ரவையாகப் பொரியும்.
எரிந்த இடத்தில் அது ஒரு சௌகரியம்,
எது சாம்பல், எது கேமராவின் கோளாறு என்று
இதுவரை எவரும் கேட்டதில்லை.
விடாமல் ஐந்தாறு அமுக்கினால் மூச்சு வாங்கும்.
சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு
தின்றதை விழுங்கும்வரை
அடுத்ததற்கு வாய் திறக்காது.

இன்னொன்று.
கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல்
படத்தில் தொண்ணூற்றைந்து பங்குதான் காட்டும்.
மீதி ஐந்து
கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.
செருப்பு நுனி, டீ கிளாஸ்,
எவரோ ஒருவரின் லுங்கிக் கரை.
வீட்டுக்கு வந்து ஓரம் வெட்டுவேன்,
வெங்காயத்துக்கு மேல்தோல் உரிக்கிற மாதிரி,
யோசிக்காமல்.

ஆடிக்காற்று. மங்கலம் ரோடு.
ராக்கியண்ணனின் பனியன் வேஸ்ட் குடோன்.
மூன்று நாளாகியும்
மூட்டைக்குள் மூட்டையாகப் புகைந்துகொண்டிருந்தது.
"ஆள் சேதம் ஒண்ணுமில்லீங்க.
ராத்திரி உள்ள ஒருத்தருமே இல்லை.
எழுதிக்குங்க."
எழுதுவது என் வேலையல்ல.
நாற்பத்தொரு படம் எடுத்தேன்.

பதினேழாவதில், இடது ஓரம்,
ஒரு கை.
முழங்கைவரை வெள்ளைப் பனியன் துணி சுற்றியிருந்தது.
விரல் நுனியில் தீப்புண் மருந்தின் மஞ்சள்.
கை மட்டும்.
முகம் நூற்றிலும் இல்லை.

வெட்டும் கட்டத்தை இழுத்துக்கொண்டு போனேன்.
மணிக்கட்டு வந்ததும்
மவுஸிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

மறுநாள் போனபோது கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள்,
வலது கை முந்தானைக்குள்.
பெயர் பாவாயி என்றாள்.
கேமரா பைக்குள்தான் இருந்தது,
ஆனாலும் அதைப் பார்த்துத்தான் பேசினாள்.
"வேண்டாங்கண்ணு.
ஆசுபத்திரிச் செலவு மொதலாளிதான் பாக்கறாரு.
படத்துல வந்தா அதும் போயிரும்."
அப்புறம்,
"எந்தக் கையின்னு தெரியுதா அதுல?"
தெரிகிறது என்றேன்.

சர்வேயருக்கு நாற்பது படம் போயிற்று.
நாற்பதுக்குத்தான் காசும் வந்தது.
அந்தக் கார்டைக் கழற்றி
பையில், ஜிப் நின்றுபோகிற இடத்துக்குக் கீழே
போட்டிருக்கிறேன்.
அழிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போன வாரம் ஒப்பணக்காரத் தெருவிலிருந்து போன்.
"நூறு சதவீதம் காட்டற பாடி ஒண்ணு வந்திருக்குங்க.
பழசைக் கழிச்சுக்கலாம். மாத்திக்கறீங்களா?"
யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அது இருந்திருந்தால்
அந்தக் கையை
அங்கேயே பார்த்திருப்பேன்.
பார்த்திருந்தால்
ஒரே ஒரு எட்டு
வலப்பக்கம் நகர்ந்திருப்பேன்.