மூன்றாம் கட்டம்

கல்வித் துறை அனுப்பிய படிவத்தில்
மூன்று கட்டங்கள்:
பாடம். நேரம். முன்னேற்றம்.
மேசைமேல் ரொட்டித் துகள், ஒரு சிப்பி ஓடு,
நேற்றிரவு பாதியில் விட்ட கதைப் புத்தகம்
முதுகைக் காட்டிக் கவிழ்ந்து கிடக்கிறது.
இருந்த ஒரே நல்ல பென்சிலைச் சீவிக்கொண்டு
உட்கார்ந்தேன்.

முதல் வரியே இடறுகிறது.
செவ்வாய்க்கிழமை
ஃபண்டி விரிகுடா வற்றிக் கிடந்தது.
செஞ்சேற்றில் முழங்கால்வரை இறங்கினோம்.
ஒடீல் ஒரு கோலை நட்டாள்.
பாஸ்தியன் இடதுகால் செருப்பைச்
சேற்றுக்குக் கொடுத்தான்.
கடல் எப்போது திரும்பும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
தண்ணீர் ஏற ஏறக் கோலில் ஒரு வெட்டு,
இன்னொரு வெட்டு,
மூன்றாவதற்குக் கத்தியை எடுக்குமுன்
கரைக்கு ஓடவேண்டியதாயிற்று.
இதைக் கணக்கில் எழுதவா,
புவியியலில் எழுதவா?
போன செருப்பு எந்தப் பாடம்?

ஆகஸ்டில் பள்ளிகளுக்கு விடுமுறை.
உள்ளான்களுக்கு அது தெரியாது.
ஆயிரமாயிரமாய் வந்து இறங்கின,
எழுந்தன,
ஒரு திருப்பத்தில் மொத்தமும் வெள்ளை,
மறு திருப்பத்தில் வானம் மட்டும்.
"யார் சொல்லித் திரும்புது?" என்றான் பாஸ்தியன்.
தெரியலடா என்றேன்.
அந்த வாரம் நான் சொல்லிக்கொடுத்தது
அது ஒன்றுதான்.

நாத்தனார் கிளெமான்ஸ் ஊர்ப் பள்ளியில் ஆசிரியை.
ஞாயிற்றுக்கிழமை சூப்புக்கு வருவாள்.
"ஏழு முடிஞ்சும் எழுத்துக் கூட்டலையா?"
கிண்ணத்துக்குள் பார்த்தபடிதான் கேட்பாள்.
கெட்டவள் இல்லை.
வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள்,
இருபத்தாறு பேரின் பிறந்தநாளும்
அவளுக்கு மனப்பாடம்.
அவள் போனபின் பாத்திரங்களோடு சேர்த்து
அந்தக் கேள்வியையும் தேய்க்கிறேன்.
போவதில்லை.

எழுத்துக் கூட்டாதவன்தான்,
நான் வாசித்த கதையை
நாய்க்குத் திருப்பிச் சொல்லும்போது
நடுவில் நின்றான்.
"அம்மா, ஓநாய் எப்ப நனைஞ்சது?
ஆத்துக்கு அது போகவே இல்லையே."
புரட்டிப் பார்த்தால்
இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.
ஜாம்.

இதையெல்லாம் எழுதலாம்.
எழுதினால் நவம்பரையும் எழுதவேண்டும்.
ஒன்பது நாள் விடாத மழை.
ஏழாம் வாய்ப்பாட்டைச் சுவரில் வீசினாள் ஒடீல்.
எல்லாரும் காட்டுக்குப் போறோம், இப்பவே, என்று
நான் கத்திய கத்தலில்
காடு ஒரு தண்டனை ஆகிவிட்டது.
யாரும் பூட்ஸ் மாட்டவில்லை.
நாலரை மணிக்கே இருட்டி
மூவரும் ஒரு போர்வைக்குள்,
தொலைக்காட்சி, பாக்கெட் சிப்ஸ்.
தெருமுனையில் மஞ்சள் பேருந்து நின்று
யார் பிள்ளையையோ இறக்கிவிட்டுப் போனது.
அதை நான் பார்த்த பார்வைக்கு
இந்தத் தாளில் இடமில்லை.

பாடம்: சேறு.
அழித்தேன். இயற்கை அறிவியல்.
நேரம்: கடல் வற்றி ஏறும்வரை.
அழித்தேன். நாளுக்கு மூன்று மணி.
முன்னேற்றம்:

"அம்மா, பென்சில்."
ஜன்னல் கட்டையில் வெள்ளைத் தாள்,
தாள்மேல் ஒரு இறகு.
உள்ளானுடையதா, கடற்புறாவுடையதா,
நாளைக்குப் பார்க்கவேண்டும்.
அதன் நிழலை ஓரம் பிசகாமல்
வரைந்துகொண்டு வந்தவன்
பாதியில் முனையை ஒடித்துவிட்டான்.
"சீக்கிரம்மா, நகருது."

கொடுத்துவிட்டேன்.
படிவம் அப்படியே கிடக்கிறது.
இறகுக்கு இப்போது இரண்டு நிழல்கள்:
அவன் வரைந்தது ஒன்று,
அதைவிட்டு மெல்லத் தள்ளிப்போவது
இன்னொன்று.
நாக்கை ஓரமாகக் கடித்தபடி
இரண்டாவதையும் அவன் தொடங்குகிறான்.