நிழல் புறம்போக்கு

சர்வே எண் நூற்றுப் பதினான்கு, உட்பிரிவு இரண்டு பி.
உரிமையாளர் சீனி நைனா.
மரம் ஒன்று. குடைவேல். உள்ளூரில் உடை.
நெஞ்சுயரத்தில் நாடா சுற்றினால்
நாலடி ஏழு அங்குலம்.

மூன்றடிக்கு மேல் பருத்தால்
சொந்த மரத்தையும் கேட்டுத்தான் வெட்ட வேண்டும்.
போன தையில் முனைவலசை ஊராட்சி போட்ட தீர்மானம்.
அன்று பந்தலில் இடம் போதாமல்
வெயிலில் நின்றவர்கள்தாம் முதலில் கை தூக்கினார்கள்.
அதில் சீனி நைனாவும் உண்டு.

கச்சான் தள்ளித் தள்ளி
வடக்கே சாய்ந்த மரம்,
குடை பிடித்தவன்
கை மாற்றிக்கொள்ளாமலே நின்றுவிட்டதுபோல.
வேர் பட்டாவில்.
நிழலோ மூன்று மணிக்கு மேல்
வேலி தாண்டிப் புறம்போக்கில் விழும்.
அங்கேதான் கூடையை இறக்கி
மிஞ்சிய நகரையைக் கூறு போடுவார் செபஸ்தியம்மாள்.
அந்த நிழல் யார் பேரில் இருக்கிறதென்று
அடங்கலில் இல்லை. தேடிப் பார்த்திருக்கிறேன்.

முதல் மனு சித்திரையில் வந்தது.
மகளுக்கு வீடு கட்ட வேண்டும்,
வீடு இல்லாமல் மாப்பிள்ளை அமையாது,
வரைபடத்தில் அடுப்படி நிற்கும் இடத்தில்
மரம் நிற்கிறது.
முத்து முத்தான எழுத்து. மகளே எழுதியது.
அனுமதிக்க இயலாது என்று பரிந்துரைத்தேன்.
அடுப்படியை ஆறடி மேற்கே தள்ளலாம் என்றும் சேர்த்தேன்,
என்னவோ நான்தான் கொத்தனார் மாதிரி.

ஆடியில் இரண்டாம் மனு. இரண்டே வரி.
மரம் பட்டுவிட்டது.
பார்வையிட வேண்டுகிறேன்.

போனேன்.
முள் மட்டும் பழைய வெள்ளையில் இருந்தது.
மற்றதெல்லாம் தொட்டால் மாவு.
"இடி விழுந்துச்சு மேடம்" என்றார் சீனி நைனா,
வானத்தைப் பார்க்காமல்.
மழைமானிக் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது.
வைகாசி, ஆனி, இரண்டுக்கும் சுழியம்.
சொல்லவில்லை.
குனிந்தேன்.
தரையிலிருந்து ஒரு சாண் மேலே துளை,
துளைவாயில் களிமண் பூச்சு.
பேனா முனையால் சுரண்டினேன்.
குப்பென்று
கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மணந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த ஃபாஹிமா
என் பேனாவைப் பார்த்தாள்.
"கீழக்கரையில நாந்தான் வாங்கியாந்தேன். மூணு டப்பா.
ஊறுகாய்க்குன்னாக வாப்பா."
அவர் வேலிப் பக்கம் போய்
இல்லாத ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார்.
அவள் அந்தத் தம்ளரை என்னிடம் தரவில்லை,
இரண்டு கையாலும் பிடித்தபடியே நின்றாள்.

படிவத்தில் ஏழாவது கலம், மரத்தின் நிலை.
உயிருள்ளது / பட்டது.
பொருந்தாததை அடித்துவிடவும்.
எப்படிப் பட்டது என்று கேட்கக்
கோடு போடவில்லை அதைத் தயாரித்தவர்கள்.
தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி.

பரமக்குடியில் என் வீட்டில்
இப்போது கார் நிற்கும் இடத்தில்
ஒரு வேம்பு நின்றது.
அப்போது விதி ஏதும் இல்லை,
அரைநாள் கூலியோடு முடிந்தது.
பெருங்காயச் செலவு மிச்சம்.

'உயிருள்ளது' என்பதை அடித்தேன்.
கலத்துக்கு வெளியே, ஓரத்தில்,
'துளை உண்டு' என்று பொடியாக எழுதினேன்.
தாசில்தார் ஓரம் படிப்பவரா, தெரியாது.
படித்தால் ஐயாயிரம் அபராதம்.
வாசல் நிலைக்கு வாங்கிப் போட்டிருக்கும் பலகையை
விற்றுத்தான் கட்டுவார்.
பேனாவை மூடினேன். திறந்தேன். மூடினேன்.

மூன்று மணிக்குச் செபஸ்தியம்மாள் வந்து
கூடையை இறக்கினார்.
மண்ணில் கிளைகளின் கோடுகள் மட்டும் கிடந்தன,
அளவுச் சங்கிலியை யாரோ
எடுக்க மறந்துவிட்டுப் போனதுபோல.
கூடையை ஒரு கோட்டுக்கு நகர்த்தினார்,
இன்னொரு கோட்டுக்கு நகர்த்தினார்.
அப்புறம்
தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து
மீன்மேல் விரித்தார்.