பின்புறம்

தார்த்து நகரில் ஆறு உறைந்துபோன வாரம்.
மூன்றாம் மாடி. காப்பி இயந்திரம் பழுது.
கூட்டக் குறிப்பு எழுதும் முறை என்னுடையது.

ஹெல்வே ரௌட்செப் பிந்தித்தான் வந்தார்,
பூட்ஸ் பனி தரையில் கரையக் கரைய.
முப்பது வருடம் ஓவியங்களின் முதுகைப் படித்தவர்:
சுங்க முத்திரை, மரப்புழுத் துளை, ஏல எண்,
யாரோ சுரண்டி எடுத்த உரிமையாளர் பெயர்.
இப்போது எங்கள் அறநெறிக் குழுவில்.
"முன்பக்கம் விருந்தாளிக்குப் போட்ட விரிப்பு" என்பார்.
நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

அன்று திரையில்
வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் பழக்கிய மாதிரி.
தலையில் துணி கட்டிய பெண் எவளைக் காட்டினாலும்
ஒரே பதில்.
மருத்துவர்: பணிப்பெண்.
ரயில் ஓட்டுநர்: பணிப்பெண்.
என் தங்கை, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது எடுத்த படம்:
பணிப்பெண்,
தொண்ணூற்று மூன்று விழுக்காடு உறுதி.

"இது எங்கே படித்தது?"
ரைவோ பட்டியலை உருட்டினான்.
அருங்காட்சியகப் பதிவுகள், நாற்பதாயிரம்.
நிறுத்து, என்றார்.

ஒரு பிரபுவின் குடும்பம். நாய் உட்பட அனைவருக்கும் பெயர்.
இடது மூலையில், சட்டம் பாதி விழுங்கிய
தட்டேந்திய பெண்.
விளக்கம்: பணிப்பெண். பெயர் தெரியவில்லை.
பதிந்தவர்: ஹெ. ரௌ.

கொஞ்ச நேரம் ரேடியேட்டர் மட்டும் பேசியது.

"பெயர் தெரியும்.
பின்னால் பென்சிலில் இருந்தது. லேனு.
பக்கத்தில் ஒரு கூட்டல் கணக்கு, மாவு வாங்கியதோ என்னவோ,
விடை தப்பு.
எனக்கு அப்போது இருபத்தாறு.
படிவத்தில் அந்தக் கட்டம் அரை விரல் அகலம்.
பென்சிலையெல்லாம் ஆதாரமாக ஏற்கமாட்டார்கள் என்று
யாரும் சொல்லவில்லை.
நானே நினைத்துக்கொண்டேன்."

திருத்திவிடலாம், என்றான் ரைவோ,
இரண்டு நிமிட வேலை.
"திருத்து.
மீதி முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தை
யார் திருப்பிப் பார்த்தது?"

ரைவோ கழுத்தைச் சொறிந்தான்.
அடுத்த பொருள்: சேவையகக் கட்டணம்.
அதற்கும் அவர் கை தூக்கினார், வழக்கம்போல எதிர்த்து.
நான்கு மணிப் பேருந்துக்குக் கிளம்பியபோது
ஒரு கையுறை மேசையிலேயே கிடந்தது.

கூட்டக் குறிப்புக்கும் படிவம் உண்டு.
முடிவு என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
லேனு என்று தட்டினேன்.

கீழே உடனே
சிவப்புக் கோடு.