எழுபது

டூசானில் ஜூலை. காலை பத்துக்கே
ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கைத்துண்டு வேண்டும்.
அந்த வெள்ளை மின்கார் பட்டறைக்குள் நுழைந்ததை
நான் கேட்கவில்லை.
சோப்புத் தண்ணீர் வாளியில் அதன் வெண்மை விழுந்ததும்தான்
நிமிர்ந்தேன்.

இறங்கியவர் இக்னாசியோ பிராகமோன்டே,
பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவர்.
"இருப்பதிலேயே கறுப்பு எது, அதை ஒட்டுங்கள்.
கூரை முழுக்கக் கண்ணாடியாக வைத்திருக்கிறார்கள்,
எவன் யோசனையோ.
குளிர்சாதனம் மட்டும் தினமும்
பதினெட்டு மைல் தின்றுவிடுகிறது."
கணக்கை ஒரு பழைய பெட்ரோல் ரசீதின் பின்புறம்
எழுதி வைத்திருந்தார்.

மாதிரித் தாள்களை விரித்தேன்.
ஐந்து, இருபது, முப்பத்தைந்து, ஐம்பது, எழுபது.
எண் என்பது உள்ளே விடும் வெளிச்சம்.
எண் ஏற ஏற இருட்டு என்றுதான்
வருகிற எல்லோரும் நினைக்கிறார்கள்.
அவரும் எழுபதைத் தட்டினார். திருத்தினேன்.
கூரைக்கு ஐந்து போடலாம்,
முன்கதவுக்குச் சட்டம் விடாது,
முப்பத்தைந்து வரை இறங்கலாம் என்றேன்.

ஓட்டுநர் இருக்கையில் அவர் மனைவி நோயேமி.
அவர் பானெட்டை இருமுறை தட்ட,
அதிர்வு எட்டி அவள் தலை தூக்கினாள்.
அப்புறம்தான் கைகள் பேசத் தொடங்கின.

கதவுக் கண்ணாடியை நனைத்து
முப்பத்தைந்தைப் படிய வைத்தேன்.
விளக்கை அணைக்கச் சொன்னார்; ஷட்டரையும் இறக்கினேன்.
அதிகாலை நாலரைக்கு டிப்போ வாசலில்
அவரை இறக்கிவிடுபவள் அவள்தானாம்.
ஒரு கம்பத்து விளக்கு, அதுவும் மஞ்சள்.
அவள் எதையோ சொல்லி முடிப்பதும்
வண்டி நகர்வதும் அங்கேதான்.

உள்ளே கைகள் அசைந்தன.
வெளியே இவர் கண்ணைச் சுருக்கி நின்றார்.
"விரல் தெரிகிறது," என்றார்,
"கேட்கிறாளா சொல்கிறாளா, அதுதான் தெரியவில்லை."

எனக்கு விளங்கவில்லை.
கண்ணாடியைச் சற்று இறக்கி
நோயேமி எனக்கே செய்து காட்டினாள்.
அதே கை, அதே விரல்:
சாப்பிட்டாய்.
புருவம் ஏறியது:
சாப்பிட்டாயா.
நாம் கடைசியில் இழுக்கும் அந்த ஒரு நெடில்
அவளுக்கு நெற்றியில் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடமாய்ப் படம் ஒட்டுகிறேன்.
உள்ளே இருப்பவர் மறைய வேண்டும் என்றுதான்
எல்லோரும் காசு தருவார்கள்.

ஐம்பதில் பாதிப் புருவம் வந்தது.
எழுபதில் முழுதும்,
இடது புருவத்தின் சிறு தழும்புகூட.

"எழுபதென்றால் வெயில்?"
வெப்பத்தைத் தடுப்பது கறுப்பு அல்ல,
படத்துக்குள் இருக்கும் பீங்கான் துகள் என்று விளக்கி
விலையைச் சொன்னேன். முந்நூற்று நாற்பது டாலர் கூடுதல்.
அவர் ரசீதைத் திருப்பி
பதினெட்டு மைலை எதனாலோ பெருக்கினார்.
நடுவில் அவள் ஏதோ காட்ட, பெருக்கலை விட்டுவிட்டார்.

இரண்டரை மணி நேர வேலை.
பின் கதவில் ஒரு தூசி, மயிர்கூட இல்லை, அரை மயிர்.
உரித்து மறுபடி ஒட்டினேன்.
சத்தமே இல்லாத வண்டி என்று
அக்கம்பக்கத்தார் வியக்கிறார்களாம்.
"எனக்கு எல்லா வண்டியும் இப்படித்தான்
என்கிறாள்," என்றார்
இக்னாசியோ, சிரிக்காமல்.
அவள்தான் சிரித்தாள்.

கிளம்பும்போது எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.
பசை காய வேண்டும்,
மூன்று நாள் கண்ணாடியை இறக்காதீர்கள்.
இதை நான் சொல்லாத ஆளில்லை,
யாரும் கேட்டதுமில்லை.

அவர் அவளுக்கு அதைக் கையால் சொன்னார்.
அவள் மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
என்னை நோக்கி ஏதோ காட்டினாள், சின்னதாய், இரண்டே அசைவு.
என்னவென்று தெரியவில்லை.
கேள்வி என்பது மட்டும் தெரிந்தது.

தலையாட்டி வைத்தேன்.