மணிக்கு இருபது மில்லி

எடை தெரியாது.
மகன் எழுபது என்றான்.
கட்டில் எண்பத்து மூன்று காட்டியது,
போர்வை, குழாய்கள், மூன்று நாளில் ஊறிய நீர்
எல்லாம் சேர்த்து.
எண்சாண் உடம்பு என்பார்கள்.
நான் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நாடா பிடித்து
மீதி ஏழு சாணையும் ஊகிக்கிறேன்.

படுக்கை ஒன்பது, தைரியநாதன்.
பாசிர் பாஞ்சாங்கில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
நாற்பது டன் பெட்டியைக் கப்பலில்
சத்தமில்லாமல் இறக்கிவைத்த கையை
கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருக்கிறார்கள்,
மூக்குக் குழாயைப் பிடுங்காதிருக்க.

தூக்க மருந்து பால்போல் இறங்குகிறது.
அதில் கொழுப்பு உண்டு. அதையும் எழுதி
உணவிலிருந்து கழிக்கிறேன்.
உறக்கத்துக்கும் கலோரி இருக்கிறது.

இங்கே வருமுன் ஐந்து நாள்
வீட்டில் ஒன்றும் இறங்கவில்லையாம்.
அதனால் மணிக்கு இருபது மில்லி, அதற்குமேல் வேண்டாம்.
பட்டினி கிடந்த உடம்பில் அள்ளிக் கொட்டினால்
பாஸ்பேட் சரியும், இதயம் தடுமாறும்.
பசித்தவனுக்குக் கொடு என்று கேட்டு வளர்ந்தவள் நான்.
எவ்வளவு கொடுக்காமலிருப்பது என்பதை
இங்கேதான் கற்றேன்.

செவ்வாய்: ஸ்கேனுக்காக நான்கு மணி நேரம் நிறுத்தம்.
புதன்: குழாய் நகர்ந்தது, எக்ஸ்ரே வரும்வரை நிறுத்தம்.
நிறுத்தியவர்கள் மறந்தார்கள் என்று சொல்லமாட்டேன்.
மாரிட்டெஸ் மட்டும் இரவுப் பணி முடிந்தும் நின்று
பம்பை ஓடவிட்டுப் போனாள்.
என் தாளில் சிவப்பு மையில்
கடன், ஆயிரத்து நூறு கலோரி.

வாசலில் பிலோமினா. மடியில் நீலப் பிளாஸ்க்.
வவ்வால் மீன் கஞ்சி, இஞ்சி சன்னமாக அரிந்தது.
"ஒரு கரண்டியாவது?"
முடியாது என்பதை மூன்று விதமாகச் சொன்னேன்.
"அந்தப் பையில இருக்கறது என்ன ருசி?"
தெரியாது என்றேன். பொய்.
ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன்:
முதலில் வெனிலா, பிறகு இரும்பு.

ஜன்னலுக்கு வெளியே
ஓட்டுநரில்லாத ரயில் செங்காங்கைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பாஸ்பேட் ஏறியிருந்தது.
முப்பத்தைந்து என்று மாற்றி எழுதினேன்.
அவ்வளவுதான் செய்தி.
பிலோமினா விரல்விட்டு எண்ணினாள்.
"மணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி."
"ரெண்டும், இன்னும் கொஞ்சமும்."
அவள் பிளாஸ்க்கைத் திறந்து
மூடியில் ஊற்றி நீட்டினாள்.
மணி மூன்று. நான் சாப்பிடவில்லை என்று
எப்படித் தெரிந்ததோ.

படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தேன்.
உப்பு குறைவு.
அவருக்கு ரத்த அழுத்தம்.