நித்திரைக் கட்டை

செவ்வாய், ஐந்தேகால்.
ஜனவரி வினிபெக்கில் அது நல்ல இருட்டு.
தர்மிகா வந்ததும் வாசிப்பு இல்லை.
இளஞ்சூட்டு நீரில்
பயறு ஊறப்போடுவதுபோலப்
பத்து விரல்களையும் ஊறப்போடுவோம்.
"முளைச்சிட்டுதா டீச்சர்?"
முளைத்த பிறகுதான்
பியானோவின் மூடியைத் திறப்பேன்.

அவள் அப்பா ஜெயரூபன்
இரவில் பனி வழிக்கும் லொறி ஓட்டுகிறவர்.
கதவோரக் கதிரையில்
கழற்றிய பூட்ஸை மடியில் வைத்திருப்பார்
யாரோ பிடுங்கிக்கொள்வதுபோல.
மாதத்துக்கு ஒரு வாக்கியம்:
"பிள்ளை எப்ப கிரேட் வன் சோதினை எடுக்கும்?"
மீதிக்கெல்லாம் "ம்".

சின்னஞ்சிறு பாட்டு அது.
ஒரு வாத்து உறைந்த ஏரியைக் கடக்கிறது,
அவ்வளவுதான் கதை.
இடது கை வாத்தின் கால்.
வலது கை அதன் அலட்டல்.
ஏழாவது அடியில் தர்மிகா தடுக்குவாள்.
எப்போதும் அதே அடி,
நடுவிலிருந்து நாலாவது வெள்ளைக் கட்டை.
விரல் போகும், தொடும்,
சூடு கண்டதுபோல் திரும்பிவிடும்.

முதல் வாரம் பென்சிலால் வட்டமிட்டேன்.
அடுத்த வாரம் சிவப்பால்.
மூன்றாம் வாரம் லஞ்சம்:
மினுங்கும் யானை ஸ்டிக்கர்.
வாத்து ஏழாவது அடியில் பனிக்குள் விழுந்தது.
யானை என் டப்பாவிலேயே நின்றது.
"வீட்டில வாசிச்சுப் பாத்தியா?"
"ஒவ்வொரு நாளும்."
நான் நம்பவில்லை.
பதினாறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்,
பதினாறு வருடமாக
இந்தக் கேள்வியில் ஒரு பிள்ளையும்
உண்மையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாலாம் வாரம், ஏனோ, வேறு மாதிரிக் கேட்டேன்.
"உங்கட வீட்டில இந்த வாத்து
எப்பிடி நடக்கும்? காட்டு."

அவள் மூடியைச் சாத்தினாள்.
சாத்திய மரத்தின்மேல் விரல்களால் நடந்தாள்,
வாயால் பாடிக்கொண்டே.
ஆறு அடி.
ஏழாவதில் விரல் விழுந்தது, வாய் மூடியது.
எட்டாவதில் வாய் திறந்தது.
தாளத்தில் ஒரு மயிரிழை பிசகில்லை.

"இதில சத்தம் வராது டீச்சர்.
இந்தக் கட்டை எங்கட வீட்டில நித்திரை."

கதிரையிலிருந்து ஒரு குரல்:
"கராஜ் சேலில வாங்கினது. நாப்பது டொலர்."

பிழையே விடவில்லை அவள்.
ஒரு மௌனத்தை
நாள் தவறாமல் பழகிக்கொண்டு வந்திருக்கிறாள்.
என் வீட்டில் அது திடீரென்று வாய் திறக்க
பயந்துபோயிருக்கிறாள்.

அழிரப்பரை எடுத்தேன்.
சிவப்பு லேசில் போகாது. தாள் கிழிந்தது.
ஓட்டையின்மேல் யானையை ஒட்டினோம்.

வீட்டுப்பாடம்:
கட்டையை எழுப்ப வேண்டாம்.
அந்த இடம் வரும்போது
வீட்டில் யாராவது பாட வேண்டும்.
யாரும். எப்படியும்.

அடுத்த செவ்வாய் அறிக்கை வந்தது,
விரல்கள் இன்னும் கிண்ணத்துக்குள் இருக்கும்போதே.
அம்மா அடுப்படியிலிருந்து பாடினா, ஆனால் பிந்தி.
தம்பிக்கு இரண்டு வயது,
எல்லா அடியிலும் பாடினான்,
அவனை வேலையால் நிப்பாட்டியாச்சு.
"அப்பா?"
"அப்பா சரியாத்தான் பாடுறார்.
அதே கதவிலக்கம்,
ஆனா ஒரு மாடி கீழ."

எட்டுச் சுர இடைவெளியை விளக்க
நான் வரைந்து வைத்திருந்த படத்தை
சத்தமில்லாமல் இழுப்பறைக்குள் தள்ளினேன்.

"நேத்து பதினொரு தரம் வாசிச்சம்.
அப்பா வேலைக்குப் பிந்திட்டார்."
ஜெயரூபன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடி திறந்தது. வாத்து ஏரியில் இறங்கியது.
நாலு, ஐந்து, ஆறு.
என் பியானோவில் அந்தக் கட்டைக்கு
ஒரு குறையும் இல்லை.
தன்பாட்டில் கணீரென்று ஒலித்தது.
அதோடு
கதவோரம் கண்ணைப் பாதி மூடி
இரவு வேலைக்கு முன் ஒரு குட்டித் தூக்கம்
தேடிக்கொண்டிருந்தவரிடமிருந்து,
ஒரு மாடி கீழே, நேரம் தவறாமல்,

"ம்".

தர்மிகா திரும்பிப் பார்க்கவில்லை.
வாத்துக்கு இன்னும் ஐந்து அடி இருந்தது.