ஷாடி

யார்க்‌ஷயரில் பாட்லி என்றொரு ஊர்.
ஐரோப்பா கழற்றிப் போட்டதெல்லாம்
ரயிலேறி அங்கேதான் வந்திறங்கும்.
கோபன்ஹேகன் பாதிரியின் அங்கி,
நேப்பிள்ஸ் அநாதை விடுதியின் காலுறைகள்,
எவளோ ஒருத்தி ஒரே ஒரு நடனத்துக்கு உடுத்திய
கருஞ்சிவப்புக் கம்பளிப் பாவாடை.
மூட்டையை அவிழ்த்ததும் எழும் வீச்சத்தில்
யார் எவர் என்று பிரிக்க முடியாது.
பிரிப்பதுதான் கெசையா ஓல்ட்ராய்டுக்கு வேலை.

வடக்கு ஜன்னலோரம் அவள் மேசை.
பொத்தானை அறு. கொக்கியைப் பிடுங்கு.
தையலை வெட்டி எறி, அதில் பருத்தி நூல் இருக்கும்.
நிறத்தைக் கண் சொல்லும்,
தரத்தைக் கட்டைவிரல் சொல்லும்.
வாரம் ஏழு ஷில்லிங்.
இருமல் இலவசம்.

கீழ்த்தளத்தில் பேய்.
இயந்திரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது, நான் வைத்ததில்லை.
உருளை முழுக்க இரும்புப் பற்கள்.
துணியாகத் தின்று மயிராகத் துப்பும்.
புதுக் கம்பளி கொஞ்சம் கூட்டி
நூற்று, நெய்து, சாயமேற்றினால்
மறுபடி ஒரு கோட்டு
மறுபடி ஒரு தோள்.
அந்தத் துணிதான் ஷாடி.

பெயர் எப்படி வந்ததாம்?
உதிர்வதைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்றிலிருந்து,
தறியடியில் உதிர்ந்த பிசிறு என்பதால், என்கிறார்கள்.
நிச்சயமில்லை என்றும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.
இன்னொரு ரகம் உண்டு, மங்கோ.
“இது ஓடாதுங்க” என்றானாம் மேஸ்திரி.
“ஓடித்தான் ஆகணும்” என்றானாம் முதலாளி.
அந்த ஊர்க் கொச்சையில் அந்தப் பதில்தான் மங்கோவாம்.
கேட்க நன்றாக இருக்கிறது.
சொற்களின் பிறப்பு விஷயத்தில்
நன்றாக இருக்கும் கதையை நான் நம்புவதில்லை.

அதுவரை அது வசவு இல்லை.
ஷாடி வியாபாரி என்று சொல்லிக்கொண்டு
தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காரலாம்.

பிறகு அமெரிக்காவில் அண்ணன் தம்பிச் சண்டை.
லட்சம் லட்சமாய்ச் சீருடை, நாளைக்கே வேண்டும்.
அங்கிருந்த ஒப்பந்தக்காரர்கள்
கம்பளியைக் குறைத்தார்கள், பசையைக் கூட்டினார்கள்.
முதல் மழைக்கே முதுகு கரைந்தது.
நனைந்த பையன்கள் அந்தச் சொல்லைக் காறித் துப்பினார்கள்.
கோட்டிலிருந்து பூட்ஸுக்கு,
பூட்ஸிலிருந்து பாலத்துக்கு,
பாலத்திலிருந்து அதைக் கட்டிய ஆளுக்கு
ஒட்டிக்கொண்டே போனது.

இதை எழுதுகையில் என் சொல் ஒன்று இடறுகிறது.
கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பதும் மட்டம்,
கடைக்காரர் தலையில் கட்டுவதும் மட்டம்.
குமிழி நடுவில் நின்ற சொல்
எந்த நாளில் கீழே சரிந்தது?
அப்போது யார் மழையில் நின்றார்கள்?

அறுபத்தாறு, பிப்ரவரி.
லிவர்பூல் வழியாக வந்த மூட்டையில்
ஒரு நீலக் கை. கை மட்டும்.
கெசையா கட்டைவிரலை வைத்தாள்.
வைத்த விரலை எடுக்கவில்லை.
“இது நம்ம துணி.”
எதிர் மேசை டமாரிஸ் சிரித்தாள்,
“ஆமா, ஆட்டையும் நீதான் மேச்சே.”
ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.
நீலத்துக்கு அடியில், சாயம் ஏறாமல்,
மயிரிழையாய் ஒரு கருஞ்சிவப்பு.
இரு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.
கிழியவில்லை.
ஒரு யுத்தம் முழுக்கப் போய் வந்திருக்கிறது, கிழியவில்லை.

பித்தளைப் பொத்தானை அறுத்துத் தகரத்தில் போட்டாள்.
கையை நீலக் குவியலில் போட்டாள்.
கீழே பேய் பசியோடு சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு, பிரார்த்தனைக்குப் பின் தேநீர் வேளை.
யாரோ செய்தித்தாளை உரக்கப் படித்தார்கள்.
லண்டனில் ஒரு மந்திரியின் பேச்சு
சுத்த ஷாடி என்று எழுதியிருந்தது.
எல்லோரும் சிரித்தார்கள்.
கெசையா கோப்பையைக் கீழே வைத்தாள்.
நல்ல பேச்சுதான் போலிருக்கிறது,
இன்னும் ஒருமுறை உழைக்கும்
என்று நினைத்துக்கொண்டாள்.